பீரங்கிக்குக் கடிவாளம் போட்ட எழுத்தாளர்

எச்.ஜி. வெல்ஸ் என்றதும் நம் நினைவுக்கு வருவது கால இயந்திரமும், செவ்வாய்க் கிரகத்தார் படையெடுப்பும்தான். ஆனால் ராத்திரி ஹாஸ்டலில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, அந்தப் படைக்குத்தான் பவர் ஜாஸ்தி, அதை நீயே எப்பவும் எடுக்கக் கூடாது என்று நாம் போடுகிறோமே ஒரு சண்டை... அந்தச் சண்டைக்கும் இவருக்கும் சம்பந்தம் உண்டு!

1866 செப்டம்பர் 21 அன்று இங்கிலாந்தில் ப்ராம்லி என்ற ஊரில் பிறந்தார். அப்பா ஜோசப் ஒரு பீங்கான் சாமான் கடை வைத்திருந்தார். கடை சரியாக ஓடவில்லை. கிரிக்கெட் ஆடிக் கிடைத்த காசும் சேர்ந்துதான் குடும்பம் நடந்தது. சாதாரண ஆட்டக்காரர் இல்லை, 1862-ல் சசெக்ஸ் அணிக்கு எதிராக அடுத்தடுத்து நாலு பந்தில் நாலு விக்கெட் எடுத்தவர். அம்மா சாரா கல்யாணத்துக்கு முன் ஒரு மாளிகையில் வேலைக்காரப் பெண்ணாக இருந்தவர். 1874-ல் சிறுவன் வெல்ஸுக்குக் கால் முறிந்தது. படுத்த படுக்கையில் பொழுது போகாமல் கையில் எடுத்ததுதான் புத்தகம். 1877-ல் அப்பாவுக்கும் கால் முறிந்தது. கிரிக்கெட் வருமானமும் போச்சு. அம்மா மறுபடியும் அதே மாளிகைக்கு வேலைக்குப் போனார். பையனைக் கொண்டுபோய் ஜவுளிக்கடையில் வேலை பழக விட்டார்கள்.

தினமும் 13 மணி நேரம் வேலை. துணி மடிக்கணும், தரை கூட்டணும், மற்ற பையன்களோடு ஒரே அறையில் தூங்கணும். 1883-ல் இனி முடியாது என்று உதறிவிட்டு வந்து, மிட்ஹர்ஸ்ட் என்ற ஊர்ப் பள்ளியில் படித்துக்கொண்டே சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தார். 1884-ல் உதவித்தொகை கிடைத்து, லண்டன் அறிவியல் கல்லூரியில் தாமஸ் ஹக்ஸ்லியிடமே உயிரியல் படித்தார். வாரம் ஒரு கினி உதவித்தொகை, அதில்தான் சாப்பாடு, அறை வாடகை எல்லாம். அரியர் வைத்திருக்கும் நண்பர்கள் கவனிக்கவும்: 1887-ல் இறுதித் தேர்வில் இவர் பெயில்! விடவில்லை. 1890-ல் பி.எஸ்ஸி. பட்டம் வாங்கினார்.

1895-ல் கால இயந்திரம் வெளிவந்ததும் புகழ் வந்தது. 1898-ல் வந்த உலகங்களின் போர் நாவலைப் பாருங்கள். செவ்வாய்க்காரர்களிடம் வெப்பக்கதிர் இருக்கிறது, கறுப்புப் புகை இருக்கிறது, மூன்று காலில் நடக்கும் ராட்சத இயந்திரம் இருக்கிறது. மனிதர்களிடம் இருப்பதோ பீரங்கியும் கப்பலும்தான். அங்கொன்று இங்கொன்றாகச் சில இயந்திரங்களை வீழ்த்தினாலும் மொத்தத்தில் தோல்வி. கடைசியில் பாக்டீரியா வந்து செவ்வாய்க்காரர்களைக் கொல்கிறது. கதைக்கு இது அருமையான முடிவு. ஆனா ஒரு விளையாட்டில் இப்படி முடித்தால் யார் ஒத்துக்கொள்வார்கள்? ரெண்டு மணி நேரம் அடி வாங்கின பிறகு எதிரிக்குக் காய்ச்சல் வந்து நீ ஜெயிச்சே என்றால் எனக்கே கோபம் வரும்.

இந்த விஷயத்துக்கு வெல்ஸே வேறொரு விடை கண்டுபிடித்தார். அது கதையில் அல்ல, வீட்டுத் தரையில்!

சாண்ட்கேட் என்ற கடலோர ஊரில் அவர் குடியிருந்த காலம். ஸ்பிரிங் வைத்த பொம்மைப் பீரங்கி ஒன்று அப்போது கடைகளில் கிடைத்தது. ஓர் அங்குல மரத்துண்டைச் சுடும். 9 கஜ தூரத்தில் நிற்கும் பொம்மைச் சிப்பாயைப் பத்துக்கு ஒன்பது தடவை சாய்த்துவிடும் அளவுக்குக் குறி தப்பாது. சாப்பாடு முடிந்து நண்பர் ஒருவர் அதை எடுத்துச் சுட, அதிலிருந்து பிறந்த விளையாட்டுக்குத்தான் 1913-ல் சின்னப் போர்கள் என்று புத்தகம் போட்டார். புத்தகத்தின் நீளமான தலைப்பிலேயே பன்னிரண்டு வயது முதல் நூற்றைம்பது வயது வரையான பையன்களுக்கு என்றும், கூடவே புத்திசாலிப் பெண்களுக்கும் என்றும் சேர்த்திருக்கிறார். நம் வகுப்புத் தோழிகள் இதைப் படித்தால் வெல்ஸைச் சும்மா விட மாட்டார்கள்.

அதில் காலாட்படை ஒரு முறைக்கு 1 அடி நகரும். குதிரைப்படை 2 அடி. பீரங்கி ஒரு முறைக்கு நாலு தடவை சுடலாம். சட்டம் எதுவும் இல்லாமல் விட்டால் பீரங்கி வைத்திருப்பவன்தான் ராஜா, மற்றவை வெறும் இலக்கு. இங்கே வெல்ஸ் செய்ததைக் கவனியுங்கள். பீரங்கியின் குறியைக் குறைக்கவில்லை. அதைச் சுற்றி 6 அங்குலத்துக்குள் தன் கட்சி ஆட்கள் குறைந்தது நாலு பேர் நின்றால்தான் அது சுடும், இல்லாவிட்டால் நகரக்கூட முடியாது என்று வைத்தார். அதுவும் ஒரு முறையில் சுடலாம் அல்லது நகரலாம், இரண்டும் முடியாது. இப்போ குதிரைப்படைக்கு வேலை வந்துவிட்டது! வேகமாகப் பாய்ந்து அந்த நாலு பேரைத் தீர்த்தால் போதும், அவ்வளவு பெரிய பீரங்கி வெறும் ஈயத்துண்டு. பக்கத்தில் ஒரு எதிரிகூட இல்லாமல் செய்து, தன் ஆட்கள் நாலு பேரை அதைத் தாண்டி நிறுத்திவிட்டால் அது இவன் சொத்து, அடுத்த முறை இவனே சுடலாம். ஒவ்வொரு படைக்கும் அதன் தனித்திறமை அப்படியே இருக்கு. ஆனா ஒன்று மற்றொன்றை நம்பி நிற்கிறது. மெக்கானிக்கல் மாணவன் என்ற முறையில் சொல்கிறேன், என்ஜினின் சக்தியைக் குறைக்காமல் கவர்னர் மாட்டுகிற மாதிரிதான் இது.

இதெல்லாம் ஒரே நாளில் வந்ததில்லை. கைகலப்புக்கு முதலில் காசு சுண்டிப் பார்த்தார்கள். காசு ஒரே பக்கம் விழுந்துகொண்டிருந்தால் ஒற்றைச் சிப்பாய் ஒரு கூட்டத்தையே கொன்றுவிடுவான். அதைத் தூக்கிப்போட்டு, ஆளுக்கு ஆள் சரி, தனியாக மாட்டிய சிறு கூட்டம் கைதி என்று மாற்றினார். யோசிக்கிற நேரத்துக்கும் அளவு வைத்தார்: 30 ஆளுக்கு ஒரு நிமிடம், பீரங்கி ஒன்றுக்கு ஒரு நிமிடம்.

எனக்கு ரொம்பப் பிடித்த சட்டம் வேறு. வீடு, மரம், மேடு எல்லாம் வைத்துக் களத்தை ஒருவர் அமைக்க வேண்டும். எந்தப் பக்கம் வேண்டும் என்று மற்றவர்தான் தேர்ந்தெடுப்பார். எங்கள் வீட்டில் அதிரசத்தைப் பிட்டவன் கடைசியில்தான் எடுக்கணும் என்று பாட்டி சொல்வதும் இதே சட்டம்தான்!

2002-ல் வந்த வார்கிராஃப்ட் 3 விளையாட்டில் இரவு எல்ஃப் இனத்துப் பெண் வீரர்கள் இருட்டில் மறைந்துவிடுவார்கள் அல்லவா? அதற்கும் விலை உண்டு: ராத்திரியாக இருக்கணும், அசையாமல் நிற்கணும். வெல்ஸ் போட்ட கடிவாளத்துக்கும் இதற்கும் ஒரே குடும்பச் சாயல். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டை உருவாக்கியவர்களில் ஒருவரான கேரி கைகாக்ஸ், 2004-ல் சின்னப் போர்கள் மறுபதிப்புக்கு முன்னுரை எழுதினார்.

புத்தகம் வந்த மறு வருடமே, 1914-ல், உலகப் போர் வெடித்தது. நிஜப் போர் எவ்வளவு முட்டாள்தனம் என்று அந்தப் புத்தகத்தின் முடிவில் எழுதியவரே, போர் தொடங்கியதும் அதை ஆதரித்து எழுதினார். இது எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது. இரண்டாவது உலகப் போரையும் பார்த்துவிட்டு, 1946 ஆகஸ்ட் 13 அன்று லண்டனில் காலமானார்.

நம் ஹாஸ்டலில் இப்போது மேப்பை ஒருத்தன் தேர்ந்தெடுத்தால், படையை அடுத்தவன்தான் முதலில் எடுக்கணும் என்று வைத்திருக்கிறோம். சண்டை இன்னும் நிற்கவில்லை. மேப்பை யார் தேர்ந்தெடுப்பது என்பதில் நடக்கிறது.