கறிவேப்பிலையில் இருக்கும் கோனிக்

மலர்க்குழு நண்பர்கள் பழைய நினைவு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று கேட்டபோது, விடுதிச் சாப்பாட்டையும் வேலைநிறுத்தங்களையும் மற்றவர்கள் எழுதிவிடுவார்கள் என்று தோன்றியது. வகைப்பாட்டியல் வகுப்பில் எனக்கு அறிமுகமான ஒரு மனிதரைப் பற்றி எழுதுகிறேன். நான் பிறப்பதற்கு இருநூறு வருஷத்துக்கு மேலே முன்னால் பிறந்தவர். ஆனாலும் தினமும் நம்ம வீட்டு அடுக்களைக்கு வந்து போகிறவர்.

அன்று எங்கள் பேராசிரியர் ஆளுக்கொரு கறிவேப்பிலை ஈர்க்கும், எலுமிச்சை இலையும் தந்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கச் சொன்னார். இரண்டிலும் ஊசியால் குத்தியதுபோல் சின்னச் சின்னப் புள்ளிகள். எண்ணெய்ச் சுரப்பிகள். தீயலுக்கும் அவியலுக்கும் மணம் அதிலிருந்துதான் வருகிறது. பிறகு கரும்பலகையில் முர்ரயா கோனிகி என்று எழுதினார். பின்பெஞ்சிலிருந்து ஒருத்தன், கோனிக் யாரு சார் என்று கேட்டுவிட்டான். அந்த மணிநேரம் முழுக்கக் கோனிக் கதைதான். அதற்குப் பிறகு நானே தேடிப் படித்ததையும் சேர்த்துச் சொல்கிறேன்.

யோகான் கெர்ஹார்ட் கோனிக் 1728ஆம் ஆண்டு நவம்பர் மாதம், இன்று லாட்வியா என்று சொல்லப்படும் நாட்டில் பிறந்தார். மருந்துக்கடை வேலை பழகியவர். அந்தக் காலத்தில் மருந்து என்றால் செடிதான். செடி தெரியாதவனுக்கு மருந்துக்கடையில் வேலை கிடையாது. 1757இல் சுவீடன் நாட்டு லின்னேயஸிடம் மாணவராகச் சேர்ந்தார். லின்னேயஸ் அப்போது உச்சியில் இருந்தார். 1753இல் வெளிவந்த அவருடைய நூல், முழநீளம் இருந்த செடிப்பெயர்களை இரண்டே சொல்லாகச் சுருக்கியிருந்தது. பூவிலுள்ள மகரந்தத்தாள்களை முக்கிய அடையாளமாக வைத்து, உலகத்துச் செடிகளை எல்லாம் 24 வகுப்புகளாகப் பிரித்திருந்தார். எண்ணத் தெரிந்தவன் எவனும் செடியை அடையாளம் காணலாம் என்கிற நிலைமை அப்போதுதான் வந்தது.

கோனிக் டென்மார்க்கில் மருத்துவமனை வேலை பார்த்தார். 1764-65இல் ஐஸ்லாந்துக்குப் போய்ச் செடி சேகரித்தார். அங்கே கிடைத்த, விரல் உயரம்கூட வளராத ஒரு குளிர்தேசச் செடிக்கு லின்னேயஸ் கோனிகியா என்று மாணவரின் பெயரையே வைத்தார்.

1768இல் கோனிக் தரங்கம்பாடிக்கு வந்தார். அது அப்போது டேனிஷ்காரர்களின் ஊர். மிஷனுக்கு மருத்துவர் என்பது உத்தியோகம், மனசெல்லாம் செடியில். லின்னேயஸின் முறையை இந்திய மண்ணில் ஊன்றியவர் இவர்தான். செடிகளை அழுத்திக் காயவைத்து ஐரோப்பாவுக்கு அனுப்பினார். கறிவேப்பிலைக்கு லின்னேயஸ் பெயர் சூட்டியபோது, பெர்கெரா கோனிகி என்று பேரினத்துக்குப் பின்னால் மாணவரின் பெயரைச் சேர்த்தார். ஒரே மனிதரின் பெயர் ஒரு பக்கம் பனியில், மறுபக்கம் நம்ம தாளிப்பில்!

மிஷன் சம்பளம் அவருடைய ஆராய்ச்சிக்குப் போதவில்லை. 1774இல் ஆற்காடு நவாபிடம் வேலைக்குச் சேர்ந்தார். 1778இல் கிழக்கிந்தியக் கம்பெனி அவரை இயற்கை ஆய்வாளராக எடுத்துக்கொண்டது. கம்பெனிக்கு வேண்டியது வணிகத்துக்கு உதவும் செடி. சயாம், மலாக்கா வரை அனுப்பினார்கள், போனார். அந்தப் பயணத்தில் பார்த்த இஞ்சிக் குடும்பத்துச் செடிகளைப் பற்றி அவர் எழுதிய விவரணை 1783இல் வெளிவந்தது. தஞ்சாவூர்ச் சீமையில் கறையானைக் கவனித்து 1779இல் ஒரு கட்டுரையும் எழுதினார்.

அவர் எழுதியதில் பெரும்பகுதி அவர் காலத்தில் அச்சேறவில்லை. 1785ஆம் ஆண்டு வயிற்றுக்கடுப்பு கண்டது. நண்பர் ராக்ஸ்பரோ வைத்தியம் பார்த்தும் பலனில்லாமல், காக்கிநாடாவை ஒட்டிய ஜகந்நாதபுரத்தில் ஜூன் 26ஆம் நாள் காலமானார். வயது 56. தாள்களையெல்லாம் லண்டனில் இருந்த ஜோசப் பேங்க்ஸுக்கு எழுதிவைத்துவிட்டுப் போனார். அவர் சேகரித்தவற்றுக்குப் பிறர் பெயரிட்டார்கள். அவருக்குப் பின்னால் வந்த ராக்ஸ்பரோ பெரிய நூல்கள் போட்டுப் புகழ் பெற்றார். காரியம் முடிந்ததும் கறிவேப்பிலை மாதிரி எடுத்து எறிந்துவிட்டார்கள் என்று நம்ம ஊரில் சொல்வோமே, அந்தச் சொலவடை இவருக்குப் பொருந்துவதுபோல் யாருக்கும் பொருந்தாது.

அவர் பரப்பிய முறையும் நிலைக்கவில்லை. கறிவேப்பிலைப் பூவில் பத்து மகரந்தத்தாள். ஆகவே அது பத்தாம் வகுப்பு. எலுமிச்சையில் தாள்கள் நிறைய, அவையும் கொத்துக்கொத்தாக ஒட்டியிருக்கும். ஆகவே அது பதினெட்டாம் வகுப்பு. எங்கள் கையிலிருந்த இரண்டு இலைகளும் லின்னேயஸ் கணக்கில் உறவே இல்லை! 1789இல் ஜூஸ்யூ பல பண்புகளைச் சேர்த்துப் பார்க்கும் இயற்கை முறையைக் கொண்டுவந்தார். 1862 முதல் 1883 வரை வெளிவந்த பெந்தம்-ஹூக்கர் நூலில் கறிவேப்பிலையும் எலுமிச்சையும் ஒரே குடும்பத்தில் உட்கார்ந்தன. நாம் மனப்பாடம் செய்தது அந்த முறையைத்தான். 1998இல் மரபணுவை வைத்து ஏபிஜி முறை வந்தது. பேரினப் பெயரிலும் இதே கதைதான். 1825இல் முர்ரயா ஆனது இப்போது மறுபடியும் பெர்கெரா என்று ஏற்கப்படுகிறது. முறை மாறிற்று, பேரினம் இரண்டு தடவை மாறிற்று. கோனிகி மட்டும் மாறவில்லை.

இனி என் கதை. இரண்டாம் ஆண்டில் மருத்துவாழ்மலைக்கும் பேச்சிப்பாறைக்கும் போய்ச் சேகரித்த செடிகளோடு, எங்கள் ஊர் வயல் வரப்பிலும் குளக்கரையிலும் பறித்ததையும் ஒட்டி நாற்பது தாள் தயார் செய்தேன். மதிப்பெண்ணுக்காகச் செய்த வேலை. சிட்டையில் அறிவியல் பெயர் மட்டும் எழுதினேன். பறித்த இடமும் தேதியும் எழுதவில்லை. பெயர்களை எல்லாம் எனக்குச் சொல்லித் தந்த என் ஆச்சியின் பெயர்ச்சொற்கள் ஒன்றையும் குறிக்கவில்லை. தேர்வு முடிந்ததும் கட்டி மச்சில் போட்டேன். ஐந்தாறு வருஷம் கழித்து எடுத்தால் பாதி கறையான் தின்றிருந்தது. மீதி இருந்தும் பிரயோஜனம் இல்லை. எங்கே பறித்தது என்று எனக்கே தெரியவில்லை. ஆச்சியும் போய்விட்டாள். அந்த வயல் இன்றைக்கு வீட்டு மனை. வரப்பில் என்னவெல்லாம் முளைத்தது என்று பேரப்பிள்ளைகள் கேட்டால் என்னிடம் பதிலில்லை.

கோனிக் காயவைத்த செடிகள் லண்டனிலும் கோபன்ஹேகனிலும் இன்னும் இருக்கின்றன. இன்று படிக்கும் தம்பி தங்கைகளுக்கு இதைத்தான் சொல்ல நினைத்தேன். முறைகள் இன்னும் மாறும். நீங்கள் எழுதும் அறிவியல் பெயரும் மாறலாம். பறித்த இடம், நாள், ஊரார் சொல்லும் பெயர், அதைச் சொன்னவர் பெயர் இவை மாறாது. சிட்டையில் அவற்றை மறக்காமல் எழுதுங்கள். நாஞ்சில் நாட்டில் வயலும் குளமும் மிச்சமிருக்கும்போதே எழுதுங்கள்.

இன்று மதியம் விருந்தில் இலையோரம் கறிவேப்பிலையை ஒதுக்கி வைக்கும்போது, அந்த மனிதரை ஒரு நிமிஷம் நினைத்துக்கொள்ளுங்கள்.

- பி.எஸ்சி. தாவரவியல், 1978-81 அணி