தாமஸ் மன்றோ

சர் தாமஸ் மன்றோ (மே 27, 1761 – ஜூலை 6, 1827) ஸ்காட்லாந்தைச் சேர்ந்த படைவீரரும் நிர்வாகியும் ஆவார். 1820 முதல் 1827 வரை சென்னை மாகாணத்தின் ஆளுநராகப் பணியாற்றினார். இரயத்துவாரி நிலவரி முறையைப் பரப்பியவர் என்றே இவர் பெரிதும் அறியப்படுகிறார். மாகாணத்தின் காவல் அமைப்பு 1816ஆம் ஆண்டில் மாற்றப்பட்டதிலும் இவருக்கு முதன்மையான பங்கு உண்டு. அம்மாற்றத்தால் வரி வசூலும் காவலும் ஒரே அலுவலர்களின் கையில் சேர்ந்தன.

இளமை

மன்றோ கிளாஸ்கோ நகரில் பிறந்தார். இவரது தந்தை அலெக்சாண்டர் மன்றோ, அமெரிக்காவின் வர்ஜீனியாவுடன் வணிகம் செய்தவர். அமெரிக்க விடுதலைப் போரால் அவ்வணிகம் நொடித்தது. கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் பயின்ற மன்றோ, கிழக்கிந்தியக் கம்பெனியின் படையில் பயிற்சி நிலை வீரராகச் சேர்ந்து 1780 சனவரியில் சென்னையை அடைந்தார். அவ்வாண்டிலேயே ஐதர் அலிக்கு எதிரான போரில் ஈடுபட்டார்.

சேலம், பாரமகால் பணி

1792ஆம் ஆண்டின் சிறீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி சேலமும் பாரமகாலும் திப்பு சுல்தானிடமிருந்து கம்பெனிக்குக் கிடைத்தன. இவற்றை நிர்வகிக்க அலெக்சாண்டர் ரீடு நியமிக்கப்பட்டார். அவருக்கு உதவியாளர்களாக மூவர் அமைந்தனர். சேலம், நாமக்கல் சமவெளி அடங்கிய தென்பகுதியை மெக்லியோடும், வடபகுதியைக் கிரகாமும், தருமபுரியைத் தலைமையிடமாகக் கொண்ட நடுப்பகுதியை மன்றோவும் கவனித்தனர். 1799 வரை இங்குப் பணியாற்றிய மன்றோ, நிலங்களை அளந்து உழவரிடம் நேரடியாக வரி பெறும் முறையைக் கற்றார். ஊர்தோறும் சென்று மக்களிடம் பேசிய இவ்வனுபவம் இவருடைய பிற்காலக் கொள்கைகளுக்கு அடிப்படையாயிற்று. பின்னர்க் கனராவிலும், 1800 முதல் 1807 வரை கடப்பை, பெல்லாரி முதலிய பகுதிகளிலும் ஆட்சியராக இருந்தார்.

காவல் அமைப்பு

பழைய முறையில் பரம்பரைக் காவல்காரர்களும் தலையாரிகளும் ஊர்களைக் காத்தனர். பல இடங்களில் பாளையக்காரர்கள் காவல் வரி பெற்றனர். 1802இல் வங்காள மாகாணத்தைப் பின்பற்றி மாவட்ட நீதிபதிகளின் கீழ் தாரோகா எனப்படும் காவல் அலுவலர்கள் நியமிக்கப்பட்டனர். தாரோகாக்கள் ஊரை அறியாத வெளியார் என்றும், கிராமத் தலைவர்களின் செல்வாக்கு இம்முறையால் வீணாகிறது என்றும் மன்றோ கருதினார்.

1814இல் நீதி, காவல் சீர்திருத்தக் குழுவின் தலைவராக இவர் இங்கிலாந்திலிருந்து திரும்பினார். இதன் விளைவாக 1816இல் இயற்றப்பட்ட ஒழுங்குவிதிகள் தாரோகா முறையை நீக்கிப் பின்வரும் அமைப்பை ஏற்படுத்தின:

* கிராமத் தலைவர்: ஊர்க் காவலுக்குப் பொறுப்பானவர், தலையாரிகள் இவருக்குத் துணை.
* தாசில்தார்: வட்டத்தின் காவல் தலைவர்.
* அமீன்: பெரிய ஊர்களின் காவல் அலுவலர்.
* மாவட்ட ஆட்சியர்: நீதிபதியிடம் இருந்த குற்றவியல் நடுவர் அதிகாரம் இவருக்கு மாற்றப்பட்டது.

சென்னை நகரம் இவ்வமைப்பில் அடங்கவில்லை. அங்குத் தனிக் காவல் ஏற்பாடு இருந்தது.

குறைகளும் பின்விளைவுகளும்

கிராமத் தலைவர் சிறு குற்றங்களுக்குத் தண்டனை அளிக்கலாம் என 1816ஆம் ஆண்டு விதி கூறியது. ஆனால் அத்தண்டனை சாதியைப் பொறுத்து வேறுபட்டது. பொதுவாக ஒருவரைச் சாவடியில் அடைத்து வைக்கலாம். தாழ்த்தப்பட்ட சாதியினரையோ தொழுமரத்தில் மாட்டலாம்.

வரி கேட்பவரே காவலராகவும் இருந்ததால் முறையிட வேறிடம் இல்லாத நிலை ஏற்பட்டது. 1854இல் அமைக்கப்பட்ட சித்திரவதை விசாரணைக் குழு, வரி வசூலிக்கவும் குற்றத்தை ஒப்புக்கொள்ளச் செய்யவும் கீழ்நிலை அலுவலர்கள் மக்களைத் துன்புறுத்தியதை 1855இல் உறுதி செய்தது. இதையடுத்து 1859ஆம் ஆண்டின் 24ஆம் சட்டம் காவலை வருவாய்த் துறையிலிருந்து பிரித்தது. மாவட்டந்தோறும் கண்காணிப்பாளரும், அவர்களுக்கு மேல் காவல் துறைத் தலைவரும் நியமிக்கப்பட்டனர். வில்லியம் ராபின்சன் முதல் தலைவரானார். சென்னை நகரக் காவல் 1856ஆம் ஆண்டுச் சட்டப்படி ஆணையரின் கீழ் வந்தது. மன்றோ பணியாற்றிய பழைய சேலம் பகுதியில், அம்மாபேட்டையை உள்ளடக்கிய சேலம் மாநகரத்துக்குப் பிற்காலத்தில் தனிக் காவல் ஆணையரகம் அமைந்தது.

எனினும் மன்றோவின் அமைப்பு முற்றிலும் மறையவில்லை. கிராமத் தலைவரும் தலையாரியும் காவலர்களுக்குத் தகவல் தருபவர்களாக நீடித்தனர். பரம்பரைக் கிராம அலுவலர் பதவிகளைத் தமிழ்நாடு அரசு 1980இல் ஒழித்தது.

இறுதிக் காலம்

ஆளுநராக இருந்தபோது மன்றோ மாகாணத்தின் கல்வி நிலை குறித்துக் கணக்கெடுக்கச் செய்தார். இந்தியர்களுக்கு உயர் பதவிகள் வழங்கப்பட வேண்டும் என்றும் வலியுறுத்தினார். 1827இல் கடப்பை, பெல்லாரி பகுதிகளில் சுற்றுப்பயணம் செய்தபோது பத்திகொண்டா என்னும் ஊரில் வாந்திபேதியால் இறந்தார். கூத்தியில் அடக்கம் செய்யப்பட்ட இவரது உடல் பின்னர்ச் சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டையின் புனித மரியாள் தேவாலயத்துக்கு மாற்றப்பட்டது. பிரான்சிஸ் சாண்ட்ரி வடித்த இவரது குதிரைச் சிலை 1839இல் சென்னைத் தீவுத்திடலில் நிறுவப்பட்டது. அச்சிலையில் சேணமும் அங்கவடிகளும் இல்லை.