சாத்தூர் உறுப்பினர் காமராசரும் தேர்தலுக்கு அஞ்சிய அரசுகளும்

1967ஆம் ஆண்டு பிப்ரவரியில் விருதுநகர்த் தொகுதியின் வாக்குகள் எண்ணி முடிக்கப்பட்டபோது, பெ. சீனிவாசன் என்னும் மாணவர் தலைவரிடம் காமராசர் 1,285 வாக்குகளில் தோற்றிருந்தார். அப்போது அவர் அகில இந்தியக் காங்கிரசின் தலைவர். நடுவண் ஆட்சி அவர் கட்சியிடம் இருந்தது. மாநில ஆட்சியும் வாக்குப்பதிவு முடியும்வரை அக்கட்சியிடமே இருந்தது. இரண்டு பிரதமர்களைத் தேர்ந்தெடுத்துத் தந்தவர் என்று நாடு அவரை அறிந்திருந்தது. அத்தகைய ஒருவர், தாம் பிறந்த ஊரில், சின்னஞ்சிறு வேறுபாட்டில் வீழ்ந்தார். வாக்கு எண்ணிக்கையின் மீது ஐயத்தைக் கிளப்ப அதைவிட வாய்ப்பான தருணம் ஒரு தலைவருக்கு அமைவது அரிது. காமராசர் முடிவை ஏற்றுக்கொண்டார். புதிதாக அமையும் தி.மு.க. அரசுக்கு உடனடியாகத் தொல்லை தராமல் செயல்படச் சிறிது காலம் தர வேண்டும் என்பதே அவர் எடுத்த நிலை.

தேர்தல் முடிவை நம்ப மறுப்பதும், தேர்தலையே தள்ளிப்போடுவதும் உலகெங்கும் ஆட்சியாளர்களுக்குப் பழக்கமாகிவரும் இக்காலத்தில் அவரது வாழ்வை மறுபடி படிக்க வேண்டியிருக்கிறது. காமராசரைப் போற்றிப் பாடும் நூல்கள் ஏராளம் உள்ளன. இக்கட்டுரை அந்த வரிசையில் சேர எண்ணவில்லை. சேரி மக்களின் வாக்கு அவர் காலத்தில் என்ன பெற்றது, என்ன விலை கொடுத்தது என்ற கேள்வியோடுதான் அவரை அணுகுகிறோம்.

1903ஆம் ஆண்டு சூலை 15ஆம் நாள் விருதுபட்டியில் குமாரசாமி நாடாருக்கும் சிவகாமி அம்மையாருக்கும் மகனாகப் பிறந்தார். அவர் பிறப்பதற்கு நான்கே ஆண்டுகளுக்கு முன்பு, 1899இல், கோயில் நுழைவை ஒட்டிய பூசலில் சிவகாசி எரிந்தது. கமுதிக் கோயிலில் நாடார்கள் நுழைந்த வழக்கு இலண்டன் பிரிவி கவுன்சில்வரை சென்று 1908இல் அவர்களுக்கு எதிராகவே முடிந்தது. தீட்டு என்ற சொல் தம் சாதியின் மீதும் வீசப்பட்ட மண்ணில் வளர்ந்தவர் அவர். ஆனால் அதே மண்ணில் நாடார்கள் வணிகத்தாலும் உறவின்முறைகளாலும் பள்ளிகளாலும் இரண்டு தலைமுறைக்குள் எழுந்து நின்றனர். பள்ளர், பறையர், அருந்ததியர் மக்களுக்கு அந்த ஏணி கிடைக்கவில்லை. இந்த வேறுபாட்டை மறந்துவிட்டுக் காமராசரை ஒடுக்கப்பட்டோர் அனைவரின் அடையாளமாகக் காட்டுவது வரலாற்றுக்குப் பொருந்தாது.

பள்ளிப் படிப்பை இடையில் விட்டவர், காங்கிரசுத் தொண்டரானார். 1930இல் உப்புச் சத்தியாகிரகத்தில் கைதாகி அலிப்பூர்ச் சிறையில் இருந்தார். 1937இல் மாகாணச் சட்டமன்றத்துக்குத் தேர்வானார். அன்று சொத்தும் கல்வியும் உடையவர்களுக்கே வாக்கு. சிறையில் இருக்கும்போதே விருதுநகர் நகராட்சித் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டு, வெளியே வந்ததும் அப்பதவியை விட்டு விலகினார். முழுநேரம் உழைக்க இயலாத பதவியை வைத்துக்கொள்ளலாகாது என்பது அவர் கருத்து.

அனைவருக்கும் வாக்குரிமை என்பது 1951-52 பொதுத்தேர்தலில்தான் நடைமுறைக்கு வந்தது. அத்தேர்தல் காட்டிய பாடம் காங்கிரசுக்குக் கசப்பானது. 375 இடங்கள் கொண்ட சென்னைச் சட்டமன்றத்தில் அக்கட்சிக்கு 152 இடங்களே கிட்டின. தேர்தலில் நிற்காத இராஜாஜியை ஆளுநர் மேலவைக்கு நியமித்து முதலமைச்சராக்கினார். மக்களிடம் வாக்குக் கேட்காமலேயே கோட்டைக்குள் நுழைந்த அந்த ஆட்சிதான் அரைநாள் பள்ளி, அரைநாள் அப்பன் தொழில் என்ற திட்டத்தை 1953இல் கொண்டுவந்தது. குலக்கல்வி என்று அதற்குப் பெயர் வந்தது பொருத்தமே. வாக்காளரைச் சந்திக்காத ஆட்சிக்கு அவர்களின் பிள்ளைகள் மீது அச்சம் இராது.

எதிர்ப்பு வலுத்து இராஜாஜி விலக, 1954 ஏப்ரல் 13ஆம் நாள் காமராசர் முதலமைச்சரானார். அப்போது அவர் நாடாளுமன்ற உறுப்பினர். ஆறு மாதத்துக்குள் மாநில அவைகளில் ஒன்றில் இடம்பெற்றாக வேண்டும். மேலவை என்ற எளிய வழி முன்னவர் காட்டியபடி திறந்தே கிடந்தது. அவரோ வட ஆர்க்காட்டுக் குடியாத்தத்தில் இடைத்தேர்தலில் நின்றார். பொதுவுடைமைக் கட்சி எதிர்த்து நின்றது. பெரியாரின் ஆதரவு காமராசருக்குக் கிடைத்தது. வென்றார். குலக்கல்வித் திட்டம் கைவிடப்பட்டது. மூடிய பள்ளிகள் திறக்கப்பட்டன. மதிய உணவு வந்தது. அறநிலையத் துறை அமைச்சராகப் பி. பரமேசுவரன் என்ற தலித் தலைவர் அமர்ந்தார். கோயிலுக்கு வெளியே நிறுத்தப்பட்ட சமூகத்திலிருந்து வந்தவர் கோயில்களின் நிர்வாகத்துக்குப் பொறுப்பேற்றது அன்று சிறிய செய்தியன்று.

1957 பொதுத்தேர்தலில் காமராசர் சாத்தூரைத் தேர்ந்துகொண்டார். வைப்பாற்றங்கரை ஊர், பேனா நிப்பும் தீப்பெட்டியும் காராச்சேவும் அதன் பெயரைச் சுமந்து சென்றன. சுற்றிலும் மழையை நம்பிய கரிசல் காடு. முதலமைச்சரின் தொகுதி என்ற பெருமை 1957இலும் 1962இலும் அவ்வூருக்குக் கிடைத்தது.

அன்றைய சாத்தூர் இராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்தது. முதுகுளத்தூரும் அதே மாவட்டம்தான். 1957 தேர்தலில் முத்துராமலிங்கத் தேவர் நாடாளுமன்றத்துக்கும் முதுகுளத்தூர்ச் சட்டமன்றத் தொகுதிக்கும் தேர்வாகி, சட்டமன்ற இடத்தை விட்டுக்கொடுக்க, சூலையில் இடைத்தேர்தல் வந்தது. பார்வர்டு பிளாக் கட்சியே வென்றது. ஆனால் தேவேந்திரர்கள் பெருமளவில் காங்கிரசுக்கு வாக்களித்தனர் என்பதே குற்றமாகிவிட்டது. வென்ற கட்சிக்காரர்களே வாக்காளர் மீது சினங்கொண்டார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். எண்ணிக்கையில் யார் வென்றார் என்பது அவர்களுக்குப் போதவில்லை. சேரி தன் விருப்பப்படி வாக்களித்ததே பொறுக்கவில்லை. வீடுகள் எரிந்தன. செப்டம்பர் 10ஆம் நாள் மாவட்ட ஆட்சியர் கூட்டிய அமைதிப் பேச்சில் இம்மானுவேல் சேகரன் சமமாக அமர்ந்து பேசினார். மறுநாள் இரவு பரமக்குடியில் வெட்டிக் கொல்லப்பட்டார். அப்போது அவருக்கு 32 வயது.

காமராசர் அரசு அதன்பின் கடுமையாக நடந்துகொண்டது. கீழத்தூவலில் காவல்துறைத் துப்பாக்கிச் சூட்டில் ஐவர் இறந்தனர். செப்டம்பர் 28ஆம் நாள் தேவர் கைதானார். 1959 சனவரியில் நீதிமன்றம் அவரை விடுவித்தது. அரசின் கடுமையைப் புகழ்வோரும் பழிப்போரும் இன்றளவும் உண்டு. நம் கேள்வி வேறு. முதலமைச்சரின் கட்சிக்கு வாக்களித்ததால் ஒரு மக்கள் தாக்கப்படுவார்கள் என்பது சூலையிலேயே தெரிந்திருந்தும், காவல் செப்டம்பர்வரை ஏன் போதாமல் இருந்தது? வாக்கைப் பெற்றுக்கொண்ட கட்சி வாக்களித்தவரைக் காக்கத் தாமதித்தது. காமராசர் வரலாற்றில் இப்பகுதியைத் தாண்டிப் போகும் வாழ்க்கை வரலாறுகளை நாம் அப்படியே ஏற்க இயலாது.

ஆயினும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கலவரத்தைக் காரணங்காட்டி வாக்குரிமையை நிறுத்திவைக்க அவர் முனையவில்லை. 1958இல் ஊராட்சிச் சட்டம் வந்தது; 1961க்குள் மாநிலம் முழுதும் ஊராட்சி ஒன்றியங்கள் அமைந்தன. தலைவர் நாற்காலிகளில் பெரும்பாலும் நிலக்கிழார்களே அமர்ந்தார்கள் என்பது உண்மைதான். சுழற்சி முறையில் தலைவர் பதவி ஒதுக்கீடு 1994ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகே கிடைத்தது. அவர் போட்ட பாதையில் சேரிக்குத் தனி வழி விடப்படவில்லை.

1963இல் தாமே முன்வைத்த திட்டப்படி முதலமைச்சர் பதவியை விட்டுக் கட்சிப் பணிக்குச் சென்றார். நேருவுக்குப் பின் சாஸ்திரி ஒருமனதாகத் தேர்வாக வழி செய்தார். சாஸ்திரி மறைந்தபின் 1966 சனவரியில் மொரார்ஜி தேசாய் போட்டியைக் கைவிட மறுத்தபோது, கட்சி உறுப்பினர்களிடையே வாக்கெடுப்பு நடந்தது; இந்திரா 355, தேசாய் 169. அடுத்த ஆண்டு 1967 வந்தது. 1962இல் காஞ்சிபுரத்தில் அண்ணா தோற்றார். 1967இல் விருதுநகரில் காமராசர் தோற்றார். இருவருமே தோற்ற பிறகும் அரசியலில் நிலைத்து நின்றனர். 1969இல் நாகர்கோவில் நாடாளுமன்ற இடைத்தேர்தலில் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட வாக்கு வேறுபாட்டில் காமராசர் மீண்டும் வென்றார்.

அதே ஆண்டு கட்சி உடைந்தது. 1971 தேர்தலில் அவர் பழைய எதிரியான இராஜாஜியோடு கைகோத்தார். குலக்கல்வியை ஒழித்தவர் அதைக் கொண்டுவந்தவரோடு ஒரே மேடையில் நின்றதை இன்றும் விளங்கிக்கொள்வது கடினம். மக்களும் ஏற்கவில்லை. தி.மு.க. 184 இடங்களை வென்றது. தமிழ்நாட்டில் பழைய காங்கிரசிலிருந்து நாடாளுமன்றம் சென்றவர் அவர் ஒருவரே. வடக்கே அத்தேர்தலில் தோற்ற சனசங்கத்தின் பல்ராஜ் மதோக், வாக்குச் சீட்டுகளில் மாய மையைத் தடவி முடிவை மாற்றிவிட்டனர் என்று குற்றஞ்சாட்டினார். உருசிய மை என்று கதை பரவியது. நீதிமன்றம்வரை போன அக்குற்றச்சாட்டு நிலைக்கவில்லை. தோற்றவர் இயந்திரத்தையோ மையையோ குறை சொல்வது நேற்று முளைத்த வழக்கம் அன்று. ஐயத்துக்குச் சான்று தருவதும், சான்றின்றி ஐயத்தைப் பரப்புவதும் வெவ்வேறு. முன்னதற்குச் சட்டத்தில் வழி உண்டு: 1952இல் வடக்கு பம்பாயில் தோற்ற அண்ணல் அம்பேத்கர், செல்லாதவையாக்கப்பட்ட வாக்குகள் குறித்துத் தேர்தல் தீர்ப்பாயத்திடம்தான் முறையிட்டார். 2021 சனவரி 6ஆம் நாள் வாஷிங்டனில் நாடாளுமன்றக் கட்டடத்தின் மீது கூட்டத்தை ஏவிய அரசியல் பின்னதைச் சேர்ந்தது.

காமராசரின் கடைசி மாதங்கள் நெருக்கடி நிலையில் கழிந்தன. தாம் ஏற்றிவைத்த இந்திரா, 1975 சூன் 25ஆம் நாள் நள்ளிரவில் சனநாயகத்தையே முடக்கியதைப் பார்த்து மனம் நொந்தார். அக்டோபர் 2ஆம் நாள் மறைந்தார். அவர் இறந்தபின் நடந்தவை ஒரு கொடிய முரண். 1976இல் அவருக்குப் பாரத ரத்னா தரப்பட்டது; அதே ஆண்டில் நாடாளுமன்றத்தின் ஆயுள் நீட்டிக்கப்பட்டு, வரவேண்டிய பொதுத்தேர்தல் 1977 மார்ச்சுக்குத் தள்ளிப்போனது. தமிழ்நாட்டில் சனவரி 31ஆம் நாள் கலைக்கப்பட்ட சட்டமன்றத்துக்கு 1977 சூன் வரை தேர்தல் இல்லை. கடலுக்கு அப்பால் ஜெயவர்த்தன, 1982 திசம்பரில் பொதுத்தேர்தலுக்கு மாற்றாகக் கருத்துக்கணிப்பு வாக்கெடுப்பு ஒன்றை நடத்தி, இருந்த நாடாளுமன்றத்தையே மேலும் ஆறாண்டு நீட்டிக்கொண்டார். அடுத்த சூலையில் தமிழர் வீடுகள் எரிந்தபோது கேள்வி கேட்கப் புதிய அவை எதுவும் இல்லை.

காமராசர் அமைத்த ஊராட்சிகளின் கதி இன்னும் மோசம். 1970க்குப் பிறகு 1986 வரை உள்ளாட்சித் தேர்தல் இல்லை. பின்னர் 1996 வரை இல்லை. கட்சிகள் மாறின, வழக்கம் மாறவில்லை. 1996இல் தலித்துகளுக்குத் தலைவர் பதவி ஒதுக்கப்பட்டவுடன், தேர்தலைத் தடுக்கும் வேலையை ஊரின் ஆதிக்கச் சாதியினர் கையில் எடுத்துக்கொண்டனர். உசிலம்பட்டிப் பகுதியின் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஆகியவற்றை நாடு அறியும். நான்காவது ஊர் கொட்டகச்சியேந்தல். அது காமராசர் பிறந்த விருதுநகர் மாவட்டத்தில் இருக்கிறது. வேட்புமனு இல்லாமலும், மனுச் செய்தவர் வென்றவுடன் விலகவைக்கப்பட்டும் பத்தாண்டுகள் கழிந்தன. அமைதி கெடும் என்று ஊர் அச்சுறுத்தியது. அதிகாரிகள் அவ்வச்சத்தையே காரணமாக எழுதிக்கொண்டனர். 2006 அக்டோபரில்தான் அங்கு முறையான தேர்தல் நடந்தது. எந்தக் கலவரமும் வரவில்லை.

2016இல் நடந்திருக்க வேண்டிய ஊரகத் தேர்தல் 2019 திசம்பருக்குத் தள்ளிப்போனது. அதில் தேர்வானோரின் பதவிக்காலம் 2025 சனவரி 5ஆம் நாள் முடிந்தது. உடனே தேர்தல் வரவில்லை. வார்டு மறுவரையறை காரணமாகச் சொல்லப்பட்டது. சாத்தூர் ஒன்றியம் உள்ளிட்ட விருதுநகர் மாவட்டத்தின் ஊராட்சிகள் தனி அலுவலர்களிடம் ஒப்படைக்கப்பட்டன. தீப்பெட்டி ஆலைக்கும் பட்டாசு ஆலைக்கும் போய்வந்துகொண்டே ஊராட்சித் தலைவர் நாற்காலியில் அமரக் கற்றுக்கொண்டிருந்த தலித் பெண்கள் வீட்டுக்கு அனுப்பப்பட்டனர்.