யானையை இழுத்த எலி: கவி காளமேகத்தின் வாழ்வும் நகையும்

காவிரியும் கொள்ளிடமும் சூழ்ந்த ஒரே தீவில்தான் திருவரங்கமும் திருவானைக்காவும் அமைந்துள்ளன. ஒரு கோயிலில் காலைப் பூசை கண்டு, மறுகோயிலில் உச்சிப் பூசை காண நடந்தே சென்றுவிடலாம். 15ஆம் நூற்றாண்டில் அந்தச் சிறு தொலைவைக் கடந்து சென்ற ஒரு மடைப்பள்ளிப் பணியாளரே பின்னாளில் காளமேகம் எனத் தமிழுலகம் போற்றிய பெரும்புலவர் ஆனார்.

இயற்பெயர் வரதன். பிறந்த ஊர் குடந்தையை அடுத்த நந்திபுரம் என்பாரும் எண்ணாயிரம் என்பாரும் உளர். அரங்கன் கோயில் மடைப்பள்ளியில் அவர் பணி செய்தார் என்பதிலும், ஆனைக்காக் கோயிலில் ஆடற்பணி புரிந்த மோகனாங்கி என்பவள்பால் காதல் கொண்டார் என்பதிலும் மரபுச் செய்திகள் ஒன்றுபடுகின்றன. மார்கழியில் மோகனாங்கி தோழியரோடு திருவெம்பாவை பாடினாள். சிவனடியார் அல்லாதாரைச் சேரோம் என்னும் பொருளமைந்த பகுதி வந்தபோது, வைணவரான வரதனை நினைந்து தோழியர் நகைத்தனர். நாணிய அவள் வரதனுக்குக் கதவடைத்தாள், அவர் சைவரானார். நகைச்சுவைக்குப் பேர் பெற்ற ஒருவரின் வாழ்வில் முதல் திருப்பத்தைச் செய்தது பிறர் நகைத்த நகைப்பே என்பது நினைக்கத் தக்கது.

அவர் கவிஞரான கதையும் நகை கலந்ததே. கவிபாடும் ஆற்றல் வேண்டி ஒருவர் ஆனைக்காவில் நெடுநாள் தவம் கிடந்தார். அகிலாண்டேசுவரி ஓரிரவு தாம்பூலம் மென்ற வாயுடன் பெண்ணுருவில் வந்து, அவரை வாய் திறக்கப் பணித்தாள். எச்சில் என்று அருவருத்து அவர் மறுத்தார். மோகனாங்கிக்காகக் காத்திருந்து பிராகாரத்தில் உறங்கிப்போன வரதனை அன்னை எழுப்ப, அவர் தூக்கக் கலக்கத்தில் வாய் திறந்தார். தவம் ஒருவருடையது, பேறு மற்றொருவருடையது. அன்றுமுதல் அவர் கார்முகில் பொழிவதுபோல் நினைத்தவுடன் பாடும் ஆசுகவி ஆனார். காளமேகம் என்னும் பெயரும் அதனால் அமைந்தது. வரலாற்றுச் சான்று தேடுவோர் இதனை ஏற்கமாட்டார். ஆயினும், எச்சிலென்று ஒதுக்காத ஒருவரே சமையற்கட்டின் பொருள்களையும் கவிதைக்குள் கொணர முடியும் என்பதை இக்கதை புனைந்தோர் உணர்ந்திருந்தனர்.

அவர் வாழ்ந்த ஆனைக்காவின் தலபுராணமே இரண்டு உயிர்களின் சண்டைதான். வெண்ணாவல் மரத்தடியில் இருந்த இலிங்கத்தின்மேல் சருகு விழாதபடி சிலந்தி வலை பின்னும். துதிக்கையில் நீர் கொணர்ந்து ஆட்டும் யானை அதைத் தூய்மைக் கேடென்று அறுத்தெறியும். சிலந்தி மீண்டும் பின்னும். யானை மீண்டும் அறுக்கும். இறுதியில் சிலந்தி துதிக்கைக்குள் புகுந்து கடிக்க, இரண்டும் மாண்டன. மறுபிறப்பில் சிலந்தி கோச்செங்கட் சோழனாகி, பழம்பகை மறவாமல் யானை நுழைய இயலாத மாடக்கோயில்களைக் கட்டியதாம். இக்கதையை நாள்தோறும் கேட்டிருக்கக்கூடிய புலவர்க்குச் சிற்றுயிர் பேருயிரை வெல்லும் காட்சி கைவந்ததில் வியப்பில்லை.

விநாயகர் மூஞ்சூறு வாகனத்தில் உலா வருவதைக் கண்டு அவர் பாடிய வெண்பா அத்தகையது. கண்முன் நிகழ்வதை மட்டும் கண்டு பதறும் ஒரு வெகுளியின் குரலில் அது அமைந்துள்ளது. சிவனின் மழு எங்கே, திருமாலின் ஆழி எங்கே, நான்முகனின் தண்டம் எங்கே, எல்லாம் களவு போயினவா என்று அவர் கூவுகிறார். ஏனெனில் மதம் பொழியும் யானையை ஓர் எலி இழுத்துச் செல்கிறது! 1940இல் அமெரிக்காவில் வில்லியம் ஹன்னாவும் ஜோசப் பார்பெராவும் படைத்து, பின்னர் டாம், ஜெர்ரி எனப் பெயர் பெற்ற பூனையையும் எலியையும் கண்டு சிரிக்கும் குழந்தைகளுக்கு இவ்வெண்பாவைச் சொல்லிப் பார்க்கலாம், உரையே வேண்டியிராது. சில நிமிடங்களே ஓடும் அக்கார்ட்டூன் படங்களில் எலி பூனையை வெல்வது மட்டும் நகையன்று. வெற்றி அவ்வுலகின் இயற்கை என்பதுபோல் எலி நடந்துகொள்வதே நகை. காளமேகத்தின் எலியும் அப்படியே தன்போக்கில் இழுத்துச் செல்கிறது. பதறுபவர் புலவர் ஒருவரே.

ஈ அமர மலை குலுங்குவதாகப் பாடுமாறு புலவர் சிலர் கேட்டபோது அவர் பாடிய பாட்டு இன்னும் நுட்பமானது. இடைச்சி மத்தால் அடித்த புண்ணில் ஈ மொய்க்கக் கண்ணன் உடல் நடுங்கினான். அவன் வயிற்றுக்குள் உலகமெல்லாம் இருப்பதால் மேருவும் கடலும் திசை யானைகள் எட்டும் உடன் நடுங்கின. நடக்க இயலாத ஒன்று நடக்கிறது. ஆனால் அதற்குள் ஒரு கணக்குப் பிசகவில்லை. வகுப்பறைகளில் காளமேகத்தைச் சிலேடைக்கு எடுத்துக்காட்டாக மட்டும் நிறுத்திவிடுவதால் மாணவர் இழப்பது இந்தக் கணக்கைத்தான்.

தொல்காப்பியர் நகைக்கு வகுத்த நான்கு களங்களுள் முதலாவது எள்ளல். அது இவரிடம் மிகுதி. பந்தியில் அருகிருந்தவரின் குடுமி அவிழ்ந்து தம் இலையில் விழ, அவரை வைத வெண்பாவில் சாதி இழிசொல் கலந்துள்ளது. அதனை நகை என்று ஏற்க மனம் ஒப்பாது. நாகையில் காத்தான் சத்திரத்தில் நிகழ்ந்ததோ வேறு. பசித்து வந்த புலவர்க்குச் சோறு வர நெடுநேரமாயிற்று. அரிசி வந்து சேரப் பொழுது சாயும், உலை ஏற ஊர் உறங்கும், ஓர் அகப்பை இலையில் விழ விடிவெள்ளி முளைக்கும் என்று பாடிவிட்டார். வசையால் சத்திரத்தின் பெயர் கெடுமே என்று காத்தான் அஞ்சி வேண்டினான். புலவர் ஒரு சொல்லையும் மாற்றவில்லை, பொருளை மாற்றினார். நாட்டில் அரிசி அருகிய காலத்தும் இங்கு அரிசி வரும், உலை ஏறினால் ஊரின் பசி அடங்கும், இலையில் விழும் அன்னத்தின் வெண்மைக்கு விண்வெள்ளியும் தோற்கும் என்றார். காயப்படுத்திய பாட்டே மருந்தும் ஆயிற்று. அவர் சிலேடைகளுள் இதற்கு ஈடாக வேறொன்றைச் சொல்வது அரிது.

திருமலைராயன்பட்டினத்தில் அவ்வாறு நிகழவில்லை. விசயநகரப் பேரரசின்கீழ் அப்பகுதியை ஆண்ட திருமலைராயன் அவையில் அதிமதுரகவியும் அவர்தம் புலவர் குழாமும் கோலோச்சினர். காளமேகத்துக்கு இருக்கையும் தரவில்லை. கலைமகளை அவர் பாட, அரசனின் அரியணையே நீண்டு இடம் தந்தது என்பது கதை. பின்னர் எமகண்டம் வைத்தனர். கீழே கொதிக்கும் எண்ணெய், கழுத்தருகே கத்தி. கேட்ட பொருளில் உடனே பாடாவிடின் உயிர் போகும். பாடி வென்றார். வென்றபின்னும் அரசன் சிறப்புச் செய்யவில்லை. சினந்த புலவர் ஊரின்மேல் மண்மாரி பொழியச் சபித்தார் என்பர். மழை முகிலின் பெயர் தாங்கியவர் மண்ணைப் பொழியச் சொன்னார். காத்தானுக்குத் தந்த மறுபொருளை அவ்வூருக்கு அவர் தரவில்லை.

திருவானைக்கா உலா முதலிய நூல்கள் அவர் பெயரில் வழங்கினும், அவரை வாழச் செய்தவை 19ஆம் நூற்றாண்டில் தனிப்பாடல் திரட்டாக அச்சேறிய உதிரிப் பாடல்களே. அவற்றுள் எல்லாம் அவருடையனவா என்ற ஐயம் உண்டு. நகை மிகுந்த பாட்டென்றால் காளமேகத்தினுடையதாகத்தான் இருக்கும் என்று மக்கள் அவர் கணக்கில் எழுதியனவும் கலந்திருக்கலாம்.

அவர் மறைந்தபோது இரட்டைப்புலவர் வந்தனர் என்பது செவிவழிச் செய்தி. ஒருவர் கண்ணிலார், ஒருவர் காலிலார். கண்ணிலார் தோளில் காலிலார் அமர்ந்து வழி சொல்ல, ஒருவர் தொடங்கிய வெண்பாவை மற்றவர் முடிக்க, ஊர்தோறும் சிரிக்கப் பாடித் திரிந்தவர்கள். அவர்கள் வந்து சேர்ந்தபோது சிதையில் தீ மூண்டிருந்தது. அந்த நாவும் வேகின்றதே என்று அவர்கள் ஒரு பாட்டுப் பாடினர். அதில் சிலேடை இல்லை.