வட்டுக்கோட்டையிற் கணிதம் வளர்த்த டானியல் பூவர்

இந்துக் கல்லூரியொன்றின் விழா மலரிலே கிறித்தவப் பாதிரியார் ஒருவரின் சரிதம் இடம்பெறுதல் அன்பர் சிலருக்கு வியப்பளிக்கலாம். அவர் ஈண்டு வந்தது நம்மவரை மதமாற்றும் நோக்குடனேயே என்பதை மறைக்க வேண்டுவதில்லை. அவரும் அதனை மறைத்தாரல்லர். எனினும் தமிழ்ப் பிள்ளைகளுக்குக் கணிதத்தை எவ்வாறு உணர்த்துவது என்னும் வினாவோடு பல்லாண்டு போராடிய ஆசான் என்ற வகையில், டானியல் பூவர் நம் அனைவருக்கும் உரியவராகின்றார்.

அமெரிக்காவிலே மசச்சூசெற்ஸ் மாநிலத்து டான்வேர்ஸ் என்னும் ஊரில் 1789ஆம் ஆண்டு பிறந்த பூவர், டாற்மத் கல்லூரியில் 1811இல் பட்டம் பெற்றார்; பின் அந்தோவரில் இறையியல் பயின்றார். 1815இல் கப்பலேறி அடுத்த ஆண்டு இலங்கையை அடைந்து, தெல்லிப்பழையிலே பாடசாலை தொடங்கினார். தமிழையும் விரைவிற் கற்றுக்கொண்டார். 1823இல் வட்டுக்கோட்டைச் செமினரி நிறுவப்பட்டபோது அதன் முதல் அதிபராக அமர்ந்து, ஏறத்தாழப் பன்னிரண்டு ஆண்டுகள் அதனை நடத்தினார். அங்கு பயின்ற பிள்ளைகள் பலருக்கு, அவர்தம் படிப்புக்குப் பணம் உதவிய அமெரிக்கரின் பெயர்கள் சூட்டப்பட்டன. சுதுமலை விசுவநாதபிள்ளை கரோல் ஆனது இங்ஙனமே.

அக்காலத்துத் திண்ணைப் பள்ளிப் பிள்ளை மணலில் விரலால் எழுதி எண்சுவடியை மனனஞ் செய்தான். இருபதில் ஒன்று மா, எண்பதில் ஒன்று காணி, முந்நூற்றிருபதில் ஒன்று முந்திரி என்னும் கீழ்வாயிலக்கங்கள் அவன் நாவில் விளையாடின. இதனைச் சிலர் இழித்துரைப்பதுண்டு. யாம் அவ்வாறு கருதுவதில்லை. இன்று பின்னத்தைக் கண்டு நடுங்கும் நம் மாணவர் அவன் முன் நிற்கவும் நாணுவர். ஆயினும் ஏன் அவ்விடை வந்தது என வினாவினால், அவனும் வாய் திறவான்.

பூவர் கை வைத்தது அந்த ‘ஏன்’ என்னும் இடத்திலேயே. எண்கணிதத்தின்மேல் அட்சரகணிதம், யூக்கிளிட்டின் கேத்திரகணிதம், திரிகோணகணிதம், மடக்கை, வானசாத்திரம் எனப் பாடங்கள் படிப்படியாக அமைந்தன. ஒவ்வொன்றுக்கும் நிறுவல் வேண்டும் என்பது யூக்கிளிட்டின் நெறி. இதே காலத்தில், 1821இல், அவர் பிறந்த மாநிலத்திலேயே வாரன் கோல்பேண் என்பார், விதியை முன்வைத்துக் கணக்கைப் பின்வைக்கும் முறையை மாற்றிப் பிள்ளை தானே விதியைக் கண்டறியும்படி ஒரு நூலை வெளியிட்டார். மனனத்துக்கும் விளக்கத்துக்கும் இடையிலான வழக்கு நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று.

1829 மார்ச்சு 20ஆந் திகதி நிகழ்ந்த சந்திரகிரகணம் யாழ்ப்பாணத்தில் இன்றும் பேசப்படுவது. அராலி விசுவநாத சாஸ்திரியாரின் பஞ்சாங்கம் கூறிய நேரத்துக்கும் தம் கணிப்புக்கும் தொடக்கத்திற் கால்மணி நேரம் வேறுபாடு இருப்பதைப் பூவர் முன்கூட்டியே அறிவித்தார். அன்று மாலை நிழல் சந்திரனைத் தீண்டியது பூவர் குறித்த நேரத்திலேதான். அவர் இதனைப் புராணங்களின் தோல்வியாகவும் காட்ட முயன்றார். அது பொருந்தாது, கணக்கிற் கால்மணி தவறுவதனாற் சமயம் தவறிவிடாது.

சாஸ்திரியார் மரபின் திறமையை அளந்தறிய வேறொரு செய்தியும் உண்டு. 1825இல் புதுச்சேரியிலே பஞ்சாங்கம் கணிப்பவர் ஒருவர் நிலத்திற் சோழிகளைப் பரப்பி, மனனஞ் செய்த வாய்பாடுகளைக் கொண்டே அவ்வாண்டுச் சந்திரகிரகணத்தைக் கணித்துக் காட்டியதை ஜோன் வாரன் என்னும் வானியலார் பதிவு செய்தார். தொடக்கத்தில் 4 நிமிடமும் நடுவில் 23 நிமிடமும் முடிவில் 52 நிமிடமுமே பிழை. ஒரு தூரதரிசினியும் இல்லை. எழுதிய தாள் ஒன்றும் இல்லை! ஆனால் அக்கணிப்பின் காரணம் அவருக்குத் தெரியவில்லை. காரணம் தெரியாதபோது பிழையைத் திருத்தும் வழியும் தெரியாது. பூவருக்குப் பின் அதிபரான ஹொய்சிங்டன் இந்த மரபை இகழாது கற்று, 1848இல் இந்து சோதிடக் கணிதத்தைத் தமிழ் மூலத்துடனும் ஆங்கில விளக்கத்துடனும் அச்சிட்டது போற்றத்தக்கது.

றொசல்லையிலும் அற்றன் சூழலிலும் கற்பிக்கும் எம்போன்றோர்க்கு இச்சரிதம் வெகுதூரத்துச் செய்தியன்று. மலையகத்திற் கணித ஆசிரியர் பற்றாக்குறை பழைய நோய். ஆசிரியர் இல்லாத பாடவேளையிலே தமிழ் ஆசிரியன் வகுப்பிற்குச் சென்று அமர்வதும் உண்டு. அப்போது காண்பது யாது? சூத்திரத்தைப் பிழையின்றி ஒப்புவிக்கும் பிள்ளை, கொழுந்து நிறுவையில் கழிவு போக எஞ்சியது எத்தனை வீதம் என வசனத்திற் கேட்டால் திகைக்கின்றாள். அவளுக்குக் கணக்குத் தெரியாமலில்லை. வசனம் கணக்காக மாறும் இடமே தெரியவில்லை. ஆதலின் இது மொழி ஆசிரியனுக்கும் உரிய சுமையே.

பூவர் 1836 அளவில் மதுரைக்குச் சென்று அங்கும் பல பாடசாலைகளை நிறுவி, 1841இல் யாழ்ப்பாணம் மீண்டார். 1855 பெப்ரவரியில் மானிப்பாயிலே வாந்திபேதி நோயால் உயிர் நீத்தார். அவ்வாண்டே செமினரியும் மூடப்பட்டது. ஆங்கிலப் படிப்பு பெருகி மாணவர் உத்தியோகத்தையே நாடுகின்றனர் என்பது அமெரிக்க மிசன் தலைமையின் குறை. அம்முடிவு குறுகிய நோக்கினது என்பதே எம் கருத்து. யாழ்ப்பாணக் கல்லூரி எழ 1872 வரை காத்திருக்க நேர்ந்தது.

அதே 1855இலேதான், செமினரியிற் பயின்று அங்கேயே கற்பித்த கரோல் விசுவநாதபிள்ளையின் ‘வீசகணிதம்’ வெளிவந்தது. அட்சரகணிதத்தை முறைப்படி தமிழில் உரைத்த நூல் அது. பின்னர், சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதலாவது பட்டதாரித் தேர்விலே அவரும், அதே செமினரி மாணவரான சி. வை. தாமோதரம்பிள்ளையும் தேறினர்.