ஆறாவது வாக்கெடுப்பு

பெண்களுக்கு வாக்குரிமை வேண்டாமென்று ஒரு மாநிலத்து ஆடவர் ஐந்து முறை வாக்களித்தனர். அமெரிக்காவின் மேற்குக் கரையிலுள்ள ஒரேகன் அம்மாநிலம். ஐந்து தோல்விகளையும் தாங்கிய அபிகேயில் ஸ்கொட் டனிவே அம்மையாரின் வரலாற்றைப் படிக்குந்தோறும், அவர் இழந்த பண்ணையையே நான் நினைக்கிறேன்.

இலினோய் மாநிலத்தில் 1834இல் பிறந்தவர், 1852இல் பெற்றோருடன் மாட்டுவண்டியில் மேற்கே புறப்பட்டார். தாய் வழியிலேயே மாண்டார். மணமானபின், நண்பரொருவரின் கடனுக்குக் கணவர் கையொப்பமிட்டார், பண்ணை பறிபோயிற்று. மனைவியின் சம்மதத்தைச் சட்டம் கேட்கவில்லை. விபத்தொன்றில் கணவரும் முடங்கவே, ஆசிரியத் தொழிலும் தொப்பிக் கடையுமாக அம்மையார் குடும்பத்தைக் காத்தார். 1871இல் போர்ட்லாந்து நகரில் வாரப் பத்திரிகை தொடங்கினார்.

1884இல் முதல் தோல்வி. 1900இல் ஏறக்குறைய 2,000 வாக்குகளே குறைந்தன. அப்போது எதிர்த்து நின்ற ஒரேகோனியன் பத்திரிகையின் ஆசிரியர் யார்? அவருடைய உடன்பிறந்த தம்பி ஹார்வி! குடிமக்களே கையொப்பம் திரட்டிப் பிரேரணைகளை வாக்கெடுப்புக்கு விடும் உரிமை 1902இல் கிட்டியது. ஆயினும் 1906, 1908 இரண்டும் தோல்வியே. 1910இல் வரி செலுத்தும் பெண்களுக்கு மட்டுமே கேட்டும் பயனில்லை. மதுவிலக்கு இயக்கத்தாரின் உறவே கேடு விளைத்ததென்று அம்மையார் தம் தோழியரோடு பிணங்கினார். அவ்வாதத்தை நான் முழுவதும் ஏற்கேன்; மதுவணிகர் எப்படியும் எதிர்த்திருப்பர்.

1912 நவம்பரில் 4,161 வாக்குகளால் வெற்றி கிட்டியது. பிரகடனத்தை எழுதும் பணியை ஆளுநர் வெஸ்ட் 78 வயது அம்மையாரிடமே ஒப்படைத்தார். தம் கையாலேயே அதனை எழுதித் தாமும் ஒப்பமிட்டார். 1915இல் காலமானார்.