பத்து வெள்ளியும் தோட்டப் பள்ளியும்

பிரிக்பீல்ட்ஸில் மோனோரயிலை விட்டு இறங்கும் நம் இளைஞர்கள் தினமும் துன் சம்பந்தன் பெயரைப் பார்க்கிறார்கள். நிலையத்துக்கும் அவர் பெயர், சாலைக்கும் அவர் பெயர். ம.இ.கா. தலைவர், அமைச்சர் என்பதோடு பலருக்கு அவர் கதை முடிஞ்சு போகிறது.

வீ. தி. சம்பந்தன் 1919 ஜூன் 16ஆம் நாள் பேராக், சுங்கை சிப்புட்டில் பிறந்தார். தந்தை வீராசாமி தமிழ்நாட்டிலிருந்து வந்து, உழைத்து, ரப்பர் தோட்டத்துக்குச் சொந்தக்காரர் ஆனவர். மகன் கோலகங்சார் கிளிப்பர்ட் பள்ளியில் படித்து, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றார். முதலாளி வீட்டுப் பிள்ளைக்கு வழி இருந்தது. லயத்துப் பிள்ளைக்கு?

தோட்டத்தில் பத்துப் பிள்ளைகள் இருந்தால் முதலாளி பள்ளி வைக்க வேண்டும் என்று வெள்ளைக்காரன் காலத்துத் தொழிலாளர் சட்டம் சொன்னது. கேட்க நல்லாத்தான் இருக்கும். ஆனால் நிலம் தோட்டத்துடையது, கட்டடமும் தோட்டத்துடையது. கிராணியோ கங்காணியோ வாத்தியாராக நின்ற பள்ளிகளும் உண்டு. தோட்டம் கைமாறினால் பள்ளியின் கதி என்னவென்று யாரும் யோசிக்கவில்லை. இந்தக் கோளாறுதான் இன்றுவரை நம்மை விடாமல் துரத்துகிறது.

சம்பந்தன் முதலில் சொந்த ஊரில் மகாத்மா காந்தி கலாசாலையை எழுப்பினார். 1954ல் விஜயலட்சுமி பண்டிட் வந்து திறந்து வைத்தார். அடுத்த ஆண்டு ம.இ.கா. தலைவர், பிறகு அமைச்சர்.

சுதந்திரம் வந்த கையோடு வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்கத் தொடங்கின. வாங்கியவர்கள் துண்டு போட்டு விற்றார்கள். வேலை போனது, லயம் போனது, பள்ளியும் ஆட்டம் கண்டது. அப்போது சம்பந்தன் ஒவ்வொரு தோட்டமாக ஏறி இறங்கினார். பங்கு நூறு வெள்ளி, முதலில் பத்து வெள்ளி கட்டினால் போதும், மீதியைக் கொஞ்சங்கொஞ்சமாகக் கட்டலாம் என்று பால்மரம் வெட்டும் பெண்களிடம் கணக்குச் சொல்லிப் பணம் திரட்டினார். 1960 மே 14ல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. முதலில் வாங்கியது கெடாவிலுள்ள புக்கிட் சீடிம் தோட்டம். நிலம் தொழிலாளி கையில் இருந்தால் பள்ளியைக் காலி பண்ணச் சொல்ல வெளியாள் வரமாட்டான் அல்லவா!

எல்லாம் அவரால் ஆகிவிடவில்லை. தமிழ்ப்பள்ளி ஆரம்பக் கல்வியோடு நின்றது. இடைநிலைக்குப் போகும் பிள்ளை ஓராண்டு புகுமுக வகுப்பில் உட்கார வேண்டியிருந்தது. இன்னும் அழுத்திப் பேசியிருக்கலாம் என்று அன்றே சிலர் குறைப்பட்டார்கள். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. சுதந்திர காலத்தில் ஏறக்குறைய 900 தமிழ்ப்பள்ளிகள். இன்று 520க்குச் சற்று மேல். கிள்ளான் பள்ளத்தாக்கில் எத்தனை தோட்டம் வீடமைப்புப் பகுதியாகிவிட்டது என்பதை நீங்களே பார்க்கிறீர்கள்.

கட்சிக்குள் நெருக்குதல் வந்து 1973ல் தலைமையை விட்டார். கூட்டுறவுச் சங்கத்தை மட்டும் விடவில்லை. 1979 மே 18ல், அறுபது வயது நிறைவதற்கு ஒரு மாதம் முன் கண்மூடும் வரை அதன் தலைவர் அவரே.